தைலம்மாள் ஊற்றிய தண்ணீர்

ரங்கூனில், போட்டாதாங் ஜெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மீன் குளிர்கிடங்கின் பின்புறத்தில் ஓர் அம்மன் இருக்கிறாள். அம்மன் என்றால் முகமோ கையோ கிடையாது. ஒரு கருங்கல், அதற்கு மஞ்சள் பூச்சு, குங்குமம், இடுப்பில் ஒரு சிவப்புத் துணி. கப்பலில் அரிசி மூட்டை ஏற்றிய காலத்துக் கூலிக்காரர்கள் நட்டது என்பார்கள். இப்போதைய முதலாளி அப்துல் ரவூபின் வாப்பா அந்த நிலத்தை வாங்கிக் கிடங்கு கட்டியபோது, கல்லை வேறெங்காவது கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாராலும் மறுத்திருக்க முடியாது. அவர் அப்படிச் சொல்லவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டு, கல்லை விட்டுவிட்டுச் சுவரை வளைத்து எழுப்பச் சொன்னார். அதனால் மூன்று பக்கமும் குளிரறைச் சுவர், நாலாவது பக்கம் சந்து, நடுவில் ஆறடி அகலத்துக்கு ஒரு மாடம் என்று அம்மனுக்கு இடம் அமைந்தது.

சித்திரை வெயிலில் ரங்கூனே வெந்துகொண்டிருக்கும்போது அந்த மாடத்துக்குள் மட்டும் சில்லென்று இருக்கும். மாரியம்மாவைக் குளிர வைக்கத்தானே எல்லா ஊரிலும் குடம் குடமாக ஊற்றுகிறார்கள்? இங்கே அவள் இருக்கிற இடமே குளிர்ச்சி. கிடங்கில் இறால் உரிக்கும் பெண்கள் "ஐஸ்காரி" என்று அவளுக்குச் செல்லப்பேர் வைத்திருந்தார்கள். கேலிதான், ஆனால் சொல்லும்போதே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அந்த அம்மன் வளர்ந்தாள்.

நிஜமாகவே வளர்ந்தாள். ஏழெட்டு வருஷங்களுக்கு முன்னால் முழங்காலுக்குக் கீழே இருந்த கல், போன வருஷம் தொடையைத் தொட்டது. ஆடி மாதந்தோறும் கல்லின் உச்சிக்கு நேராகச் சுவரில் மஞ்சளால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார்கள். வீட்டில் பிள்ளையை நிலைக்கதவோடு சேர்த்து நிறுத்தி உயரம் குறிப்பதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு கோடுகள். தாமுவேயிலிருந்தும் லைங் தாயாவிலிருந்தும் பஸ் பிடித்து வந்து அந்தக் கோடுகளைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

கல் ஏன் வளர்கிறது என்பது ஊரில் ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அவர் கிடங்கின் மெக்கானிக் உதயசூரியன். தொழிலாளிகள் அவரை "சயா" என்று கூப்பிடுவார்கள். வேலை தெரிந்தவரைப் பர்மாவில் அப்படித்தான் கூப்பிடுவது வழக்கம். கோடுகளை இழுத்தவள் அவருடைய மனைவி தைலம்மாள். அதனால்தான் தெரிந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். குளிரறைத் தரைக்கு அடியில், குறுக்கே, கையகல இரும்புக் குழாய்கள் புதைத்திருந்தார்கள். ஒரு வாய் ஆற்றுப் பக்கம், மறு வாய் அம்மன் மாடத்தில். வெளிக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும். இயந்திரத்தைப் பூட்ட வந்த ஜப்பான்காரர், அப்போது இளைஞனாக இருந்த உதயசூரியனிடம் அந்தக் குழாய்களைக் காட்டி, கையை மூக்கருகே கொண்டுபோய் மூச்சு விடுவதுபோலச் செய்துகாட்டினார். தரை மூச்சு விட வேண்டும் என்று அவர் சொல்வதாக இளைஞன் புரிந்துகொண்டான். எதற்கு என்று கேட்கவில்லை.

பல வருஷங்கள் கழித்து, அபிஷேகத் தண்ணீர் அந்தக் குழாய் வாய்களில் இறங்கி மறுபக்கம், ஆற்றோரமாக இருந்த இயந்திர அறையில் வழிந்தது. அப்போதிருந்த மேனேஜர், இனி யாரும் அங்கே தண்ணீர் ஊற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத் தைலம்மாள் சோறு உண்ணவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். மறுநாள் உதயசூரியன் ஒரு சட்டி சிமென்டு குழைத்து, மாடத்துப் பக்கம் இருந்த இரண்டு குழாய் வாய்களையும் அடைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடினார். ஆற்றுப் பக்கம்தான் திறந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். ஒரு மூக்கை அடைத்தால் இன்னொரு மூக்கால் மூச்சு விடுகிறோமே, அந்தக் கணக்கு. குழாய்க்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. ஒரு முனை அடைத்த குழாய் வெறும் பொந்து; அதற்குள் காற்று நடக்காது.

அடுத்த ஆடியில் கல் இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தது.

தைலம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினாள். அவரும் கும்பிட்டார். அதற்கு அடுத்த வருஷம் மூன்றாம் அறையில் ஏதோ கசிவென்று தரையை உடைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. கீழே ஆற்று வண்டல் பாறையாக உறைந்து கிடந்தது. சாம்பல் நிற மண்ணுக்கு நடுவே அடுக்கடுக்காக ஐஸ் தகடுகள், சில மெல்லிசு, சில விரல் தடிமன். அவர் வெகுநேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். மண் உறையும்போது அதிலுள்ள தண்ணீர் உறைவதோடு விஷயம் முடிவதில்லை. உறைந்த இடம் பக்கத்து ஈரத்தையும் தன் பக்கம் இழுக்கிறது. திரி எண்ணெயை இழுப்பதுபோல வண்டல் தண்ணீரை மெல்ல மெல்லக் கொண்டுவந்து கொடுக்கிறது. வந்த தண்ணீர் தகடாகிறது, தகடு தடிக்கிறது, மேலே இருப்பதைத் தூக்குகிறது. மாடத்தில் தினமும் குடம் குடமாகத் தண்ணீர். மூன்று பக்கமும் குளிர். கல் உயராமல் என்ன செய்யும்?

வீட்டுக்குப் போய்ச் சொல்லத்தான் நினைத்தார். தைலம்மாள் கோழிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். "கை கழுவுங்க, சூடா இருக்கு" என்றாள். அன்று சொல்லவில்லை. பிறகு அதற்கு நாள் அமையவே இல்லை.

பிறகு அந்தக் கொள்ளைநோய் வருஷம் வந்தது. ஜூலை மாதம் ரங்கூன் முழுக்க ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு வரிசை நின்றது. மகன் சிவராஜ் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்துக் கிடந்தான். தைலம்மாள் விடியும் முன்னே மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு அம்மனிடம் ஓடுவாள், திரும்பி ஓடிவருவாள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். அந்த ஆடியில் கல் நாலு விரற்கடை உயர்ந்திருந்தது. அதன் பிறகு, ஐஸ்தான் கல்லைத் தூக்குகிறது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

பிழைத்த மகன் இப்போது பாங்காக்கில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். தைலம்மாள் இல்லை. இரண்டு வருஷங்களுக்கு முன் ஐப்பசியில், நாலாம் மாடிப் படியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்தவள் எழவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். கடைசியாகப் பேசியது ஒரு சின்ன விஷயம். "காலையில என் குடத்தை நீங்க ஊத்திடுங்க. நான் வர்ற வரைக்கும்."

வரவில்லை. அவர் ஊற்றிக்கொண்டிருந்தார். தினமும், வேலைக்குப் போகும்முன், அவளுடைய பித்தளைக் குடத்தில். என்ன செய்கிறோம் என்று தெரிந்தே ஊற்றினார்.

இந்தச் சித்திரையில்தான் வினை வந்தது. தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு மின்சாரம் போயிற்று. நாலு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று போய்வருவது எல்லோருக்கும் பழகியதுதான். இந்த முறை ஆறு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. சரக்கை வேறு கிடங்குக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, ரவூப் வெறும் அறைகளைத் திறந்து போட்டார். குளிரறைகளிலிருந்து புகைபோல வெண்ணிறக் காற்று வழிந்து தீர்ந்தது. ஏழாம் நாள் விளக்கெரிந்து, மின்சாரத்துக்கான பர்மியச் சொல்லால் "மீ வந்துருச்சு!" என்று சந்தெல்லாம் கூச்சல் கேட்டபோது, உதயசூரியன் கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு மாடத்துக்குப் போனார்.

அம்மன் சாய்ந்திருந்தாள்.

மாடத்துத் தரை கஞ்சியாகக் குழைந்து கிடந்தது. கல் ஒரு சாண் இறங்கி, தூங்கி விழுகிறவர் தலைபோல வலப்பக்கம் சரிந்திருந்தது. மூன்றாம் அறைச் சுவரில் கீழிருந்து மேலாக ஒரு விரிசல், இரண்டு விரல் நுழையும். குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓர் இரும்புக் கம்பியை எடுத்துவந்து மண்ணில் குத்தினார். முழங்கை ஆழம் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. பிறகு டங்கென்று நின்றது. இன்னோர் இடத்தில் குத்தினார். அங்கேயும் டங்.

மேலே உருகிவிட்டது, அடியில் இன்னும் பாறை. வருஷக்கணக்காக இழுத்துச் சேர்த்த தண்ணீரெல்லாம் இப்போது ஒரேயடியாக விடுபட்டு, கீழே போக வழியில்லாமல், சட்டியில் ஊற்றியதுபோல நிற்கிறது. மீ வந்துவிட்டது. சுவர்கள் மறுபடி குளிரும். இந்தச் சேறு மறுபடி உறையும், உறையும்போது வீங்கும், விரிசல் விட்ட சுவரைத் தள்ளும். அந்தச் சுவரில்தான் நச்சுவாயுவான அம்மோனியா ஓடும் குழாய் போகிறது. குழாய் வாய்களைத் திறந்து மண்ணை மூச்சு விடச் செய்ய வேண்டும். திறக்க வேண்டுமானால் தோண்ட வேண்டும். தோண்ட வேண்டுமானால் அம்மனைத் தூக்க வேண்டும்.

அன்றைக்கு அவர் தண்ணீர் ஊற்றவில்லை. குடத்தை நிறைந்தபடியே திரும்பக் கொண்டுபோனார். வழியெல்லாம் அது அவர் லுங்கியில் சிந்திக்கொண்டே வந்தது.

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. இறால் உரிக்கும் கொட்டகையில் முப்பது பெண்களும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி சொர்ணம்மாள். நாற்பது வருஷமாக அங்கே இறால் உரிப்பவள்; தைலம்மாளுக்கு உடன்பிறவாத அக்கா. உதயசூரியனைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"பாத்தியா தம்பி? ஆறு நாளா ஐஸ்காரிக்குக் குளிர்ச்சி இல்ல. சூடு ஏறிப்போச்சு அவளுக்கு. வெள்ளிக்கெழமை நூத்தியெட்டுக் குடம் ஊத்தப் போறோம். ஆத்துத் தண்ணி, மஞ்சக் கரைச்சு. தைலம் கொடம் உன் வீட்டுலதான இருக்கு? மொதக் கொடம் அதுதான்."

நூற்றெட்டுக் குடம். அந்தக் கஞ்சியில், அந்தச் சுவருக்கடியில், முப்பது பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு. உதயசூரியன் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"ஊத்தக் கூடாதுக்கா. முதலாளி வேணாம்னு சொல்லிட்டாரு."

பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்த முதலாளி? நம்ம ரவூப் தம்பியா?" சொர்ணம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அது நடை பழகுனதே அந்தக் கல்லைப் புடிச்சுக்கிட்டுத்தான். அது சொல்லுச்சா?"

"ஆமா."

"நல்லாக் கேட்டியா? காதுல மிஷினு சத்தம் இன்னும் ஓடுதா?"

"கேட்டேன்க்கா" என்றார் அவர். சொன்னதும் திரும்பிப் போய்விட்டார்.

பொய் சொல்லிப் பழகாதவன் சொல்லும் பொய்க்கு வேகம் அதிகம். சாயங்காலத்துக்குள் அது சந்தைத் தாண்டித் தேநீர்க் கடைக்குப் போயிற்று. கிடங்கை விற்கப் போகிறார், அதற்குத்தான் கல்லைத் தூக்கப் பார்க்கிறார் என்றான் ஒருவன். பெரியவர் இருந்தவரைக்கும் வேறு, இவர் வேறு என்றான் இன்னொருவன். என்ன இருந்தாலும் அவர்கள் அவர்கள்தானே என்று யாரோ ஒருவன் குரலைத் தாழ்த்திச் சொன்னபோது, அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்த உதயசூரியன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மூன்று தலைமுறையாக அந்தச் சந்தில் யாரும் சொல்லாத சொல். அதைச் சொல்லவைத்தது அவருடைய நாக்கு.

மறுநாள், வியாழன் காலை, ரவூப் இயந்திர அறைக்கு வந்தார். நாற்பது வயது. முதலாளி என்றாலும் உதயசூரியனை அண்ணன் என்று கூப்பிடுகிறவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"உதயண்ணே, நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?"

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. உதயசூரியன் கைத்துணியால் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"காலையில கொட்டகைக்குள்ள போறேன், ஒருத்தரும் மொகம் குடுக்கல. சொர்ணம்மா என்னைப் பாத்து 'வாங்க முதலாளி'ங்குறாங்க. என்னைக்காவது என்னை அப்படிக் கூப்பிட்டிருக்காங்களா? வாடா ரவூபுன்னுதானே கூப்பிடுவாங்க! நேத்து சாயங்காலமே பேச்சு காதுல விழுந்துச்சு, ராத்திரியெல்லாம் ரோசிச்சேன். நான் சொன்னதா நீங்க சொல்லியிருக்கீங்கன்னா, உள்ள ஏதோ இருக்கு. அதனால அங்க நான் இல்லன்னு மறுக்கல. ஆனா என்னன்னு எனக்காவது சொல்லுங்க."

மறுக்கவில்லை என்றது உதயசூரியனுக்கு அடி விழுந்ததுபோல் இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கைத்துணியை மடித்து வைத்தார்.

"வாங்க முதலாளி. ஒரே தடவையா எல்லாருக்கும் சொல்லிடறேன். ரெண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

மாடத்துக்கு முன்னால் சந்தில் பெண்கள் கூடினார்கள். வெயில் ஏறியிருந்தது. சொர்ணம்மாள் இறால் வாசனையோடு கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். ரவூப் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

"முதலாளி ஒண்ணும் சொல்லல" என்றார் உதயசூரியன். "அது நான் சொன்ன பொய்."

"அதான பாத்தேன்" என்றது ஒரு குரல்.

"கல்லு வளரல. அடியில மண்ணு வீங்குது. வீங்க வச்சது நான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குழாயை, சிமென்டை, ஜப்பான்காரர் மூச்சு விட்டுக் காட்டியதை, மூன்றாம் அறைத் தரைக்கு அடியில் பார்த்த ஐஸ் தகடுகளை. திரி எண்ணெயை இழுப்பதுபோல என்று சொன்னபோது சில பெண்கள் தலையாட்டினார்கள். கம்பியை மண்ணில் இறக்கி, டங்கென்று நிற்பதைக் காட்டினார். விரிசலில் இரண்டு விரலை நுழைத்துக் காட்டினார். நாளைக்கு இங்கே நூற்றெட்டுக் குடம் ஊற்றினால் சுவர் யார்மேல் விழும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அவர் குரல் ஓர் இடத்திலும் உயரவில்லை. இயந்திரத்தில் என்ன கோளாறு என்று முதலாளியிடம் சொல்வதுபோலவே சொல்லி முடித்தார்.

சொர்ணம்மாள் சுவரிலிருந்த மஞ்சள் கோடுகளைப் பார்த்தாள். கல் இறங்கிவிட்டதால் கோடுகள் இப்போது அதற்கு மேலே அந்தரத்தில் நின்றன.

"அப்ப, தைலம் போட்ட கோடெல்லாம்?"

"ஐஸோட உசரம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீ சொல்லல."

"சொல்லலக்கா. அவ பிள்ளை பொழைச்சான். அம்மா வளந்து காட்டுனான்னு நெனைச்சுக்கிட்டிருந்தா. அதை எப்படிக்கா புடுங்குறது?" அவர் கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "இன்னிக்கு அதைத்தான் புடுங்கிட்டேன்."

சொர்ணம்மாளுக்கு முகம் சிவந்தது. "என்னடா நெனைச்சே அவளை? கல்லு ரெண்டு வெரலு ஒசந்துச்சுன்னுதான் அவ கும்பிட்டான்னு நெனைச்சியா? கோடு போடச் சொன்னது அவ இல்லடா, நானு! நான்தான் வருஷா வருஷம் அவ கையில மஞ்சளைக் குடுத்து இழுக்கச் சொல்லுவேன், அவளுக்குக் கைராசின்னு. அவ ஒரு தடவை கூடக் குனிஞ்சு எம்புட்டு ஒசந்துச்சுன்னு பாக்கல."

உதயசூரியன் நிமிர்ந்து பார்த்தார்.

"சிவராஜு படுத்துக் கெடந்தானே, அப்ப தெனம் நானும் இங்க வருவேன். அவ தண்ணியை ஊத்துவா. ஊத்திட்டு ரெண்டு கையையும் கல்லு மேல வச்சுக்கிட்டே நிப்பா. வெறச்சுப் போற வரைக்கும் நிப்பா. 'என்னடி பண்றே'ன்னு கேட்டேன். 'சில்லுன்னு இருக்குக்கா, இந்தக் கையோட ஓடிப் போயி அவன் நெத்தியில வப்பேன், கண்ணைத் தொறந்து பாப்பான்' அப்படின்னா. அதுக்குத்தான்டா வந்தா. அந்தக் குளிர்ச்சிக்கு."

சந்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அவருக்கு நினைவு வந்தது. அந்த ஜூலை மாதத்தில் தைலம்மாள் மூச்சிரைக்க மாடியேறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளையின் தலைமாட்டில் உட்காருவாள். ஒருநாள் அந்தக் கை தவறி அவர் தோளில் பட்டது. என்ன இவ்வளவு குளிர் என்று கேட்டார். தண்ணி எடுத்தேன் என்றாள். அவ்வளவுதான். ஓடிவருவது கையின் குளிர்ச்சி போய்விடக்கூடாது என்பதற்காக என்று அன்று அவருக்குத் தெரியவில்லை. நாலைந்து வருஷம் அவர் ஒரு ரகசியத்தை அவளிடமிருந்து ஒளித்து வைத்திருந்தார். அதைச் சொல்லியிருந்தாலும் அவளுக்கு ஒரு குறையும் வந்திருக்காது போல.

"தெனம் காலையில வந்து ஊத்துனியே, எல்லாம் தெரிஞ்சும். அது எதுக்கு?" என்றாள் சொர்ணம்மாள். குரல் தணிந்திருந்தது.

"ஊத்தச் சொன்னா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு திரும்பி, "ரவூபு!" என்று கத்தினாள். "அங்க என்னடா ஒளிஞ்சுக்கிட்டு நிக்குறே? கயிறும் பலகையும் கொண்டாரச் சொல்லு. ஐஸ்காரியைத் தூக்கணும்."

"இப்பவேவா?" என்றார் ரவூப். அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"இன்னிக்கு நாள் சரியில்லடா. நாளைக்கு வெள்ளிக்கெழமை, கொடத்துக்கு வச்ச அதே நேரம். அதுவரைக்கும் மூணாம் ரூமு மிஷினை நிறுத்திப் போடு."

உதயசூரியன் ரவூபின் அருகில் போனார். "குழாயை அடைச்சது நான். இந்தச் சுவருக்கு ஆகறதை…"

"அண்ணே, சுவரைக் கட்டிக்கலாம்" என்றார் ரவூப். "இன்னொரு தடவை என் பேரைச் சொல்லிப் பொய் சொன்னா, என்கிட்டயும் சொல்லிட்டுச் சொல்லுங்க. அந்தம்மா வாயில மறுபடி 'முதலாளி'ன்னு கேக்க என்னால ஆகாது."

வெள்ளிக்கிழமை காலை சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அம்மனைத் தூக்கினார்கள். இறால் பெண்கள் எட்டுப் பேர் கயிறு பிடித்தார்கள். ஆண்களைப் பிடிக்க விடவில்லை. ஈரத் துணி சுற்றிச் சந்தில் பலகைமேல் படுக்கவைத்தபோது, கல்லின் அடிப்பாதி ஆள் பார்த்திராத வெளுப்பாக இருந்தது. "பாதத்தைக் காட்டிட்டா" என்று ஒருத்தி சொன்னாள். உடனே எல்லோரும் குனிந்து தொட்டுக்கொண்டார்கள்.

உதயசூரியன் குழிக்குள் இறங்கினார். சேற்றை வாளி வாளியாக அள்ளிக் கொடுத்தார். முழங்கை ஆழத்துக்குப் பிறகு கடப்பாரை வேண்டியிருந்தது. உறைந்த வண்டல் பெயர்ந்து வந்தபோது அதன் வெட்டுவாயில் அடுக்குகள் தெரிந்தன. சாம்பல் மண், பளிங்குபோல ஐஸ், மறுபடி மண், மறுபடி ஐஸ். இடையிடையே மண்ணில் மட்டும் மஞ்சளின் கறை. ஐஸ் மஞ்சளை ஏற்றுக்கொள்ளவில்லை; தண்ணீரை மட்டும் தனக்கு எடுத்துக்கொண்டு தெளிவாக இருந்தது. இதில் எந்தத் தகடு எந்த வருஷத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒன்று மற்றவற்றைவிடத் தடிமனாக இருந்தது. அவர் அதை உளியால் தட்டி, உடையாமல், இரண்டு கையாலும் எடுத்தார். சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. அதன் வழியே பார்த்தால் தன் விரல்கள் தெரிந்தன.

குழியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். மேலே சொர்ணம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"தைலம் ஊத்துன தண்ணி" என்றார்.

"உருகுதுடா, குடு" என்றாள் அவள். பிறகு என்ன நினைத்தாளோ, நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "நீயே வை."

அவர் ஏறி வந்து, பலகையில் படுத்திருந்த அம்மனின் உச்சியில் அந்த ஐஸை வைத்தார். வழுக்கி விழாமல் இருக்கக் கையால் பிடித்துக்கொண்டார். சித்திரை வெயிலில் அது உருகி, மஞ்சளையும் குங்குமத்தையும் கரைத்துக்கொண்டு, கல்லின் மேலெல்லாம் வழிந்து சந்தில் இறங்கியது. நூற்றெட்டுக் குடத்துக்கு வந்திருந்த பெண்கள் குலவை இட்டார்கள். விரல்கள் விறைத்து உணர்வற்றுப் போகும்வரை அவர் கையை எடுக்கவில்லை. ஐஸ் தீர்ந்தது. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

யாரும் அவசரப்படுத்தவில்லை. அவராகத்தான் குழிக்குள் மறுபடி இறங்கினார். சிமென்டு அடைப்பைத் தேடிப் பிடித்து உளியை வைத்து அடித்தார். எட்டாவது அடியில் அது உட்பக்கமாக விழுந்தது. முதலில் பொந்து நாற்றம். கொஞ்சம் கழித்து இளஞ்சூடான காற்று, ஆற்றுச் சேறும் படகு டீசலும் மணக்க, அவர் முகத்தில் பட்டது. இரண்டாவது வாயையும் உடைத்தார்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த மற்ற இயந்திரங்களும் ஒவ்வொன்றாக முனகி நின்றன. சந்து முழுக்க மின்விசிறிகள் சுழற்சி தளர்ந்து ஓய்ந்தன.

"சயா! மீ போயிருச்சு!" என்று கொட்டகையிலிருந்து கத்தினார்கள்.

"போகட்டும்" என்றார் உதயசூரியன், குழாய் வாயிலிருந்து முகத்தை எடுக்காமல்.